"குழம்பு வேணுமா?" என்று கேட்பது எப்படி?

பந்தியில் பரிமாறுவது நம் பெண்களுக்குக் கைவந்த கலை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று சொல்லும்போதே அதில் உபசாரம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்டவர்களைப் பார்த்து, "மரியாதை தெரியாதவர்கள், சிடுசிடுப்பானவர்கள்" என்று யாராவது சொன்னால் மனம் எவ்வளவு புண்படும்? ஆனால் சொன்னார்கள். அதுவும் ஒரே ஒரு ஆங்கில வார்த்தையால்!

1970களில் பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையம். அங்கே ஊழியர்கள் சாப்பிடும் கேன்டீனில், இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் குடியேறிய பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் வாயைத் திறந்து பேச வேண்டியது அதிகமில்லை. இறைச்சி வாங்குகிறவரிடம் மேலே ஊற்றுகிற 'க்ரேவி' வேண்டுமா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலேயப் பெண்ணாக இருந்தால் குரலைக் கடைசியில் மேலே தூக்கி, "க்ரேவி?" என்பாள். இவர்களோ தங்கள் தாய்மொழிப் பழக்கத்தில் குரலைக் கீழே இறக்கி, "க்ரேவி" என்றார்கள்.

வித்தியாசம் இத்தனைதான். ஆனால் எதிரே நின்றவர் காதில் அது "வேண்டுமா?" என்று விழவில்லை, "இது குழம்பு" என்று அறிவிப்பதுபோல விழுந்தது. 'குழம்பு என்று எனக்குத் தெரியாதா? என்ன அலட்சியம்!' என்று அவர் முகம் சுளித்தார். மேற்பார்வையாளருக்கும் அதே அபிப்பிராயம். எதற்காக இந்த வெறுப்பு என்று புரியாமல் பெண்கள் மனதுக்குள் குமைந்தார்கள்.

ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியல் அறிஞர் இந்தக் கேன்டீன் பேச்சை டேப்பில் பதிவு செய்து போட்டுக் காட்டினார். முதலில் நம் பெண்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. பிறகு விளக்கிச் சொன்னதும், 'அடடா, இத்தனை நாளும் இதற்காகத்தானா!' என்று புரிந்தது. மேற்பார்வையாளர்களுக்கும் கண் திறந்தது. இது திமிர் அல்ல, அவர்கள் கேட்கிற வழக்கமே இதுதான் என்று தெரிந்துகொண்டார்கள். 1982-ல் வந்த தம் புத்தகத்தில் கம்பர்ஸ் இதை எழுதியிருக்கிறார்.

மரியாதை எங்கே இருக்கிறது?

சகோதரிகளே, இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒவ்வொரு மொழியும் மரியாதையை ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கிறது. "தண்ணி குடுங்க" என்கிறோம். அந்த 'ங்க'விலேயே மரியாதை முழுவதும் அடக்கம். தனியாக 'தயவு செய்து' என்று சொன்னால் நமக்கே நாடகம் மாதிரி இருக்கும்! ஆனால் அதை அப்படியே ஆங்கிலத்தில் "கிவ் மீ வாட்டர்" என்றால் 'ங்க' வழியிலேயே விழுந்துவிடுகிறது. வெறும் கட்டளைதான் மிஞ்சுகிறது. நீ, நீங்கள் இரண்டுக்கும் 'யூ' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிற ஆங்கிலம், மரியாதையைப் 'ப்ளீஸி'லும் 'குட் யூ'விலும் குரலிலும் வைத்திருக்கிறது.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். ஐரோப்பியர்களும் இதே குழியில் விழுந்து எழுகிறவர்கள்தான். ஸ்வீடன் மொழியிலும் ஃபின்லாந்து மொழியிலும் 'ப்ளீஸ்' என்பதற்கு நேரான சொல் கிடையாது. ஸ்வீடன்காரர் ஒரு காபி கேட்கும்போதே 'டாக்', அதாவது 'நன்றி' என்று சேர்த்துவிடுவார். அவரே ஆங்கிலம் பேசும்போது 'ப்ளீஸை' மறந்தால் லண்டன் கடைக்காரருக்குச் சுருக்கென்று இருக்கும். ஜெர்மானியருக்கு நம்மைப் போல 'நீ', 'நீங்கள்' இரண்டும் உண்டு. கட்டளையை மென்மையாக்கக் குட்டிக் குட்டிச் சொற்களும் உண்டு. ஆங்கிலத்தில் அவை கிடைக்காமல் அவர் பேச்சு கறாராக ஒலிக்கும். பிரான்சில் கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லாமல், ஆங்கிலத்தில் எத்தனை 'ப்ளீஸ்' போட்டாலும் எடுபடாது!

ஆங்கிலேயர் வழியோ தனி. "நீங்கள் ஒருநாள் சாப்பிட வரணும்" என்று அவர் சொன்னால், பல சமயம் அது உபசார வார்த்தைதான். தேதியும் நேரமும் சொன்னால் ஒழியப் பட்டுப்புடவையை இஸ்திரி போடாதீர்கள்!

இலக்கணம் மட்டும் போதாது

இதையெல்லாம் யோசித்துத்தான் ஐரோப்பியக் கவுன்சில் 1975-ல் ஆங்கிலம் கற்பவருக்காக ஒரு திட்டம் வெளியிட்டது. 'எத்தனை இலக்கண விதி தெரியும்?' என்பதை விட்டு, 'உதவி கேட்கத் தெரியுமா? மறுக்கத் தெரியுமா? மன்னிப்புக் கேட்கத் தெரியுமா?' என்று அது பட்டியல் போட்டது. வேலைக்குப் போகிற பெண்ணுக்கும், பிள்ளைப்பேறு பார்க்க மகள் வீட்டுக்குப் போகிற அம்மாவுக்கும் முதலில் வேண்டியது இதுதானே? நீங்களும் இப்படி ஆரம்பியுங்களேன்:

* எதைக் கேட்டாலும் 'குட் ஐ ஹேவ்' என்று தொடங்கி 'ப்ளீஸ்' என்று முடியுங்கள். "குட் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?"

* ஒற்றைச் சொல்லில் கேட்கும்போது கடைசியில் குரலை ஏற்றுங்கள். "டீ?", "சுகர்?" என்று காலையில் வீட்டிலேயே பழகலாம். குழந்தைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அவர்களும் சேர்ந்து கற்றுக்கொள்வார்கள்.

* காதில் விழாவிட்டால் "வாட்?" என்று கேட்காதீர்கள். "சாரி?" என்று குரலை உயர்த்திக் கேளுங்கள். வேகமாகப் பேசுகிறவரிடம், "குட் யூ ஸ்பீக் மோர் ஸ்லோலி, ப்ளீஸ்?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

* வேண்டாம் என்றால் மொட்டையாக 'நோ' சொல்லாமல் 'நோ, தேங்க் யூ' என்று சொல்லுங்கள். நம் தலையாட்டல் அவர்களுக்கு ஆமாவா இல்லையா என்று புரியாது. வாயைத் திறந்து சொல்லிவிடுவது நல்லது.

டாக்டரிடம் போகும்போது

உடம்பு விஷயத்தில் மட்டும் 'ஏதோ சமாளிச்சுக்கலாம்' என்று இருந்துவிடாதீர்கள். குத்துகிற வலிக்கு 'ஷார்ப் பெயின்', விடாமல் மந்தமாக இருக்கிற வலிக்கு 'டல் ஏக்', எரிச்சலுக்கு 'பர்னிங்'. இந்த மூன்றையும், எத்தனை நாளாக இருக்கிறது என்பதையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அம்மாவின் மாதவிலக்குத் தொந்தரவைப் பத்து வயதுப் பையன் டாக்டருக்கு மொழிபெயர்க்கும்படி ஆகலாமா? அவனுக்கும் கூச்சம், அம்மாவுக்கும் கூச்சம். முக்கியமான விஷயம் சொல்லப்படாமலே போய்விடும். இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையில் மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. "ஐ நீட் அன் இன்டர்ப்ரிட்டர், ப்ளீஸ்" என்று முன்கூட்டியே கேளுங்கள். இதைச் சொல்லத் தெரிந்தாலே பாதி ஆங்கிலம் தெரிந்த மாதிரி. ஆபத்துக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112 என்ற எண். பிரிட்டனில் 999, 112 இரண்டுமே உண்டு.

அந்தக் கேன்டீன் பெண்களை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் காட்டும் இடம்தான் புது மொழியில் மாறியிருந்தது. யாராவது உங்களிடம் முகம் சுளித்தால், 'எனக்கு இங்கிலீஷே வராது' என்று ஒதுங்கி நிற்காதீர்கள். அந்த ஊர்க்காரர் எப்படிக் கேட்கிறார் என்று நாலு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். ஐந்தாம் நாள் நீங்களும் அப்படியே கேட்டுப் பாருங்கள். முகம் மலர்வது தெரியும்!