மந்திர அம்பு வேண்டுமா?

குட்டீஸ்... 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு தெரியுமா? 1974ல், அமெரிக்காவில், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் உருவாக்கியது. மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, பகடை உருட்டி, கதையை நகர்த்த வேண்டும். போர்வீரன், மந்திரவாதி என, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தொழில் உண்டு.

2000ல் வெளியான மூன்றாம் பதிப்பில், சிறப்புத் தொழில்கள் சேர்க்கப்பட்டன. அதில் ஒன்று, அம்பில் மந்திரம் ஏற்றி எய்யும் வில்லாளி. நினைத்தவுடன் ஆகிவிட முடியாது. வில்வித்தையில் தேர்ந்து, கொஞ்சம் மந்திரமும் கற்றிருக்க வேண்டும். ஆனபின், அம்பின் சக்தி கூடும்; புது மந்திரம் கற்பதோ நின்றுவிடும்!

ஆட்டத்தை நடத்துபவர், புதிய தொழில்களையும் உருவாக்கலாம். ஆனால், ஒருவருக்கே எல்லா சக்தியும் கொடுத்தால், மற்றவர்களுக்கு என்ன வேலை? ஒன்றைக் கொடுத்தால், இன்னொன்றைக் குறைக்க வேண்டும்.

நீங்களும் ஒரு வீரனை உருவாக்குங்களேன்... அவனால் முடியாததை முதலில் எழுதுங்கள்!