பளபளப்பைப் பார்த்து வாங்கிய ஸ்கூட்டரும் புத்தகத்தில் இருந்த பெயரும்

2021ஆம் ஆண்டின் கடைசியில், எனக்குத் தெரிந்த முன்பள்ளி ஆசிரியை ஒருவர் நெல்லியடிப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் நின்று ஸ்கூட்டர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். யமஹா பசினோ. பால்வெள்ளை நிறம், வளைந்து இறங்கும் முன்பக்கம், நெஞ்சில் குரோமியக் கோடு, பின்பக்கம் வள்ளத்தைப்போல ஒடுங்கிப் போகும் உடல். பழைய இங்கிலிஷ் படங்களில் வரும் ஸ்கூட்டர்களின் சாயல். விற்றவரும் நல்ல மனிதராகவே தெரிந்தார். "தங்கச்சி, புத்தகம் கையிலை இருக்கு. ஓப்பின் பேப்பரும் தாறன். நீங்கள் ஆறுதலா மாத்துங்கோவன்" என்றார். காசு கைமாறியது. ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்தது.

மூன்றரை வருடங்கள் ஒரு பிரச்சினையும் இல்லை. அதை விற்றுவிட்டு வேறொன்று எடுப்போம் என்று அவர் நினைத்தபோதுதான் "ஆறுதலா மாத்துங்கோவன்" என்பதன் கனம் விளங்கியது. புத்தகத்தில் இருந்த பெயர் விற்றவருடையதல்ல. அது குருநாகலில் உள்ள ஒருவருடையது. விற்றவர் அவரைக் கண்டதே இல்லை. இடையில் இன்னுமொரு கை இருந்திருக்கிறது. கையொப்பமிட்ட படிவத்தைக் கொடுத்தபோது, பதிவிலுள்ள கையொப்பத்துடன் ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தது. விற்றவர் இப்போது நாட்டிலும் இல்லை.

பாவித்த ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்பார்கள். எஞ்சின் கெட்டால் கராஜில் திருத்தலாம். கடதாசி கெட்டால் அதைத் திருத்தும் கராஜ் கிடையாது.

அந்தக் காலத்தில் அவசரப்பட்டு வாங்கியதற்குக் காரணம் இருந்தது. 2020 மார்ச் தொடக்கம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில், ஏற்கனவே நாட்டுக்குள் இருந்தவைதான் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தன. புதிதாக வாங்கிய விலையைவிடக் கூடுதலான விலைக்கு, நாலைந்து வருடம் ஓடிய ஸ்கூட்டரை விற்றவர்களை எல்லோருக்கும் தெரியும். ஒரே ஸ்கூட்டர் மூன்று, நான்கு பேரிடம் போனதும், ஒவ்வொருவரும் அதே ஓப்பின் பேப்பரை அடுத்தவருக்குக் கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான் மிகுந்தது. இன்று சந்தைக்கு வருபவற்றில் கணிசமானவை அப்படி வந்தவையே.

இந்தச் சாயல் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான இத்தாலியின் பியாஜியோ விமானத் தொழிற்சாலை, போருக்குப் பிறகு வேறு எதையாவது செய்து பிழைக்கவேண்டியிருந்தது. கொராடினோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியியலாளரிடம் மலிவான வாகனம் ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. உடுப்பில் எண்ணெய் பிரளும், காலைத் தூக்கிப் போட்டு ஏறவேண்டும் என்பது அவருடைய குறை. ஆகவே எஞ்சினை மூடினார், முன்னால் காலுக்கு மறைப்பு வைத்தார், நடுவில் கால் வைக்க வெளி விட்டார். 1946இல் வெஸ்பா பிறந்தது. 1953இல் வந்த 'ரோமன் ஹொலிடே' படத்தில் ஓட்ரி ஹெப்பர்ன் அதில் ஏறியபின் அது உலகம் முழுவதும் அழகின் அடையாளமானது. ஆனால் அந்த வடிவம் அழகுக்காகத் தொடங்கியதல்ல. சேலையோடு பள்ளிக்கூடம் போகும் ஆசிரியைக்கும், வெள்ளைச் சீருடையோடு வைத்தியசாலை போகும் தாதிக்கும் இன்றைக்கும் அது வசதியாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பொறியியலாளருக்கு எண்ணெய்க்கறை பிடிக்காமல் போனதுதான்.

பசினோவுக்கும் வெஸ்பாவுக்கும் உள்ள உறவு முகச்சாயலோடு முடிந்துவிடுகிறது. வெஸ்பாவின் உடல் இரும்புத் தகடு. அந்தத் தகடே அதன் எலும்புக்கூடும்கூட. பசினோவில் உள்ளே சாதாரண இரும்புச் சட்டம், வெளியே பெரும்பாலும் பிளாஸ்ரிக். 2015இல் இந்தியாவில் அறிமுகமான முதல் பசினோவில் இருப்பது கார்புரேற்றருடன் கூடிய 113 சீசீ எஞ்சின். அதே காலத்து யமஹா ரே வகை ஸ்கூட்டர்களில் இருப்பதும் இதுவே. எடை 103 கிலோ, தாங்கி கொள்ளுவது 5.2 லீற்றர். 2019 கடைசியில் எரிபொருளை ஊசிமூலம் செலுத்தும் 125 சீசீ பசினோ வந்தது. அது இன்னும் கொஞ்சம் பாரம் குறைவு. ரேயின் எஞ்சின் என்பது வாங்குபவருக்கு நல்ல செய்தி. எஞ்சின் பக்கச் சாமான் தட்டுப்பாடு குறைவு, கை பழகிய மெக்கானிக் ஊருக்கு ஊர் இருக்கிறார். கெட்ட செய்தி, அந்த அழகு முகத்துக்குரிய சாமான்கள் இதற்கு மட்டுமே பொருந்தும். முன்மறைப்பு உடைந்தால் அல்லது குரோமியத் துண்டு காணாமற்போனால் ரேயிலிருந்து கழற்றிப் போட முடியாது.

பலர் கவனிக்காத ஒன்று இந்த 113 என்ற எண்ணில் இருக்கிறது. எமது நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 வகுப்பு 100 சீசீக்கு மேற்படாத இலகு மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே. அதற்கு மேல் ஏ வகுப்பு வேண்டும். ஸ்கூட்டி பெப் 88 சீசீக்கு உட்பட்டது. அதை வைத்து ஏ1 எடுத்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், வடக்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பசினோவுக்கு மாறும்போது, கையிலிருக்கும் அனுமதிப்பத்திரம் அதற்குச் செல்லாது. பொலிஸ் மறித்தால் தண்டத்தோடு போய்விடும். விபத்து நடந்து காப்புறுதிக்குப் போகும்போதுதான் உண்மையான சிக்கல்: வகுப்பில்லாத சாரதி ஓட்டினார் என்று ஒரு வரி எழுதினால் கம்பனிக்குப் போதும். வாங்க முதல் அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

இனிக் கடதாசி. வாகனப் பதிவுச் சான்றிதழ் ஒற்றைத் தாள்தான் என்றாலும் எங்கள் வாயில் அது 'புத்தகம்'தான். அதில் பதிவு செய்யப்பட்ட உரிமையாளரின் பெயர் இருக்கும். லீசிங்கில் எடுத்த வாகனமென்றால் நிதிக் கம்பனியின் பெயர் பூரண உரிமையாளராகத் தனியே இருக்கும். கடன் முடியும்வரை மூலப் புத்தகம் கம்பனியிடம்தான் இருக்கும். ஓடுபவரிடம் இருப்பது போட்டோக்கொப்பி. ஆகவே கொப்பியை மட்டும் காட்டி, "மூலம் அக்கா வீட்டில் இருக்கு" என்று சொன்னால் அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டே முற்பணம் கொடுக்கவேண்டும். கடன் முடிந்துவிட்டது என்றாலும் கம்பனியின் பெயரை நீக்கும் கடிதம் கையில் இருக்கவேண்டும். தவணை நிலுவையோடு விற்கப்பட்ட ஸ்கூட்டரை, சீஸ் பண்ண வருபவர்கள் வீதியில் வைத்துத் திறப்பைப் பறித்துக்கொண்டு போகும்போது நீங்கள் முழுக்காசும் கொடுத்தவர் என்பது அவர்களுக்குக் கணக்கில்லை.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி வாகனத்தின் பதிவு விபரத்தைப் பெறலாம். அதிலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் ஸ்கூட்டரில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொண்டுபோனால் நல்லது. இலக்கம் பொறித்த இடத்தில் எப்போதும் ஊத்தை படிந்திருக்கும். ஒரு எழுத்தோ இலக்கமோ வேறுபட்டாலும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஓப்பின் பேப்பர் என்பது உரிமை மாற்றப் படிவத்தில் உரிமையாளர் கையொப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுப்பது. சட்டப்படி வாகனம் கைமாறி 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். நடைமுறையில் அப்படி யாரும் செய்வதில்லை என்று நினைக்கிறோம்; வருடாவருடம் வரி அனுமதிப்பத்திரம் எடுக்கவும் முடிகிறது. புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால் பிரதேச செயலகத்தில், யார் வந்து நிற்கிறார் என்று அதிகம் கேட்பதில்லை. அதனால்தான் இந்தப் பிழை வருடக்கணக்கில் தெரியாமல் கிடக்கிறது. விற்பவருக்கும் இது ஆபத்துத்தான். அவர் பெயரிலுள்ள ஸ்கூட்டர் எங்காவது ஒருவரை மோதினால் பொலிஸ் முதலில் தட்டுவது அவருடைய கதவை.

செய்யக்கூடியது இவ்வளவுதான்: புத்தகத்தில் பெயருள்ளவர் நேரில் வரவேண்டும், தேசிய அடையாள அட்டையைக் காட்டி உங்கள் முன்னால் கையொப்பமிடவேண்டும், உங்கள் பெயரை அப்போதே நிரப்பவேண்டும், அந்தக் கிழமையே விண்ணப்பம் போகவேண்டும். அவர் வரமுடியாது என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது மலிவு அல்ல. விற்பவர் மனம் நோகுமே என்று எங்கள் ஆட்கள் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தின் விலையைத்தான் அந்த ஆசிரியை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஸ்கூட்டரைப் பார்க்கப் போவதென்றால் காலையில் போங்கள், வருவதாகச் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாக. சைலன்சருக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வரமுதல் ஸ்ரார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் அதன் உடல்நிலை தெரியும். கார்புரேற்றர் வண்டி கொரோனா முடக்கத்திலும் பெற்றோல் வரிசைக் காலத்திலும் மாதக்கணக்கில் நின்றிருந்தால், உள்ளே பெற்றோல் காய்ந்து துவாரங்கள் அடைபட்டிருக்கலாம். அது கழுவினால் தீரும். நீலப்புகை வந்தால் அது ஒயில் எரிவது. அதற்குச் செலவு பெரிது.

இவ்வகை ஸ்கூட்டரில் கியர் இல்லை. எஞ்சினின் சுழற்சியைப் பின்சில்லுக்குக் கொண்டுபோவது இறப்பர் பெல்ட் ஒன்று. வேகத்துக்கேற்ப அதை ஏற்றி இறக்குபவை உருளைகள். இருபதாயிரம் கிலோமீற்றர் அளவில் பெல்ட்டைக் கட்டாயம் திறந்து பார்க்கவேண்டும். நின்ற இடத்திலிருந்து மெதுவாக எடுக்கும்போது உடல் நடுங்கினால் கிளச்சில் குறை. அக்ஸிலேற்றர் முறுக்க எஞ்சின் இரைந்தும் வண்டி சோம்பலாகப் போனால் பெல்ட் அல்லது உருளை தேய்ந்திருக்கிறது. இவை பெரிய செலவல்ல, ஆனால் விலை பேசும்போது சொல்லவேண்டியவை.

மீற்றரை நம்பவேண்டாம். 12,000 காட்டும் ஸ்கூட்டரில் கால்வைக்கும் இறப்பர் வழுக்கித் தேய்ந்தும், பிறேக் பிடியின் நுனி பளபளத்தும் இருந்தால் கணக்கு வேறு. ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் ஒன்று இருக்கும்: 2318 என்றால் 2018இன் 23ஆம் கிழமை செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழைய ரயர் மழையில் பிடிக்காது.

பிறகு குனியுங்கள். எங்கள் பகுதியில் ஸ்கூட்டரை மேலே நின்று பார்ப்பதில் பயனில்லை. பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பகுதிக்குப் போய்வந்த வண்டியின் மேல்பகுதி பிளாஸ்ரிக் என்பதால் புதுசாகவே இருக்கும். உப்புக்காற்று தின்பது அடியில் உள்ள சட்டத்தையும், ஸ்ராண்டையும், சைலன்சர் பொருத்தையும். காலை வைக்கும் தட்டின் கீழ் ரோர்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். குரோமியக் கோட்டில் சிறு கொப்புளங்கள் இருந்தால் அது உரியத் தொடங்கிவிட்டது. வாங்கிய பின்னும், கழுவிவிட்டு உடனே துணியால் துடைக்காவிட்டால் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத்தண்ணீரின் கல்சியம் அதன்மேல் வெள்ளைப் புள்ளியாகக் காயும்.

பத்து அங்குலச் சில்லு நகருக்கென்று செய்தது. பெரிய சில்லு தாண்டிப்போகும் குழிக்குள் இது விழும். கிறவல் ஒழுங்கையில் முன்பிறேக்கை மட்டும் பிடித்தால் சறுக்கும். எம்.டி. 90இல் பழகியவர்கள் இதைத்தான் முதலில் குறைசொல்வார்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய அந்த வண்டிகளின் முரட்டுத்தனத்தை இதில் எதிர்பார்க்கக்கூடாது.

பெற்றோல் செலவையும் ஓட்டும் தூரத்தோடு வைத்துப் பாருங்கள். நடைமுறையில் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய்வர 70 கிலோமீற்றர் அளவில். ஐந்து நாளுக்கு எட்டு லீற்றர் தேவை. 2022 ஜூலையில் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். மிச்ச நாட்களில் பலர் மறுபடி சைக்கிள் மிதித்தார்கள். ஊருக்குள் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடுபவருக்கு அந்த நாலு லீற்றரே மிஞ்சியது. இந்த ஸ்கூட்டர் பொருந்துவதும் அவர்களுக்குத்தான்.

ஆசிரியையின் பசினோவில் இன்றுவரை எஞ்சினில் கைவைக்கவில்லை. பெல்ட் ஒருமுறை, பற்றரி ஒருமுறை, ரயர் ஒரு சோடி மாற்றியதோடு சரி. புத்தகத்தில் இருப்பவரின் தொலைபேசி இலக்கம் போன மாதம்தான் கிடைத்தது. சிங்களம் தெரிந்த சக ஆசிரியை ஒருவரையும் கூட்டிக்கொண்டு அடுத்த விடுமுறையில் குருநாகல் போகப்போகிறாராம். பஸ்ஸில்தான்.