வெட்டாத மரமும் சாகும்

"மரத்தை வெட்டாமல்தான் வீடு கட்டினோம்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் சென்னையில் நிறைய உண்டு. சொல்வதும் உண்மைதான். காம்பவுண்டு ஓரத்து வேம்பின் மேல் கோடாலி படவில்லை. ஆனால் கிரகப்பிரவேசம் முடிந்து இரண்டு மூன்று வருடங்களில் உச்சிக்கிளைகள் காயத் தொடங்கும். பூச்சி என்பார்கள், தண்ணீர் போதவில்லை என்பார்கள். கடைக்கால் தோண்டிய நாளிலேயே அதற்குச் சாவு குறிக்கப்பட்டுவிட்டது என்று யாருக்கும் தோன்றாது. அதற்குள் மேஸ்திரியும் பொறியாளரும் வேறு மனையில் வேலையாக இருப்பார்கள்.

பள்ளிக்கூடப் படத்தில் ஆணிவேர் ஆழமாக இறங்கும். வளர்ந்த மரத்திலோ பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள் படுத்தவாக்கில் ஓடுகின்றன. நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் இன்னும் மேலே, பெரும்பாலும் முதல் ஓரடிக்குள்ளேயே இருக்கின்றன. கிளைகளின் எல்லையைத் தாண்டியும் அவை பரவும். அவற்றுக்கும் ஆக்சிஜன் தேவை. மண் துகள்களின் இடுக்குகளில் இருக்கும் காற்றிலிருந்து அதைப் பெறுகின்றன.

கட்டுமான வேலை நடக்கும் இடத்தைப் பாருங்கள். நிழல் இருக்கிறதே என்று ஜல்லி, எம்-சாண்டு, செங்கல் எல்லாம் மரத்தடியில்தான் இறங்கும். லாரி ஏறி இறங்க இறங்க மண்ணின் இடுக்குகள் நசுங்கிவிடும். கலவை இயந்திரத்தைக் கழுவிய தண்ணீரும் அங்கேயே ஊற்றப்படும். மண்ணில் காரத்தன்மை ஏறினால், இரும்பு போன்ற சத்துகள் மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கடைசியாக, வெள்ளத்துக்குப் பயந்து மனையைச் சாலை மட்டத்துக்கு மேல் உயர்த்தக் கட்டட இடிபாடுகளைக் கொட்டுவார்கள். இயல்பாக வளர்ந்த மரத்தின் அடி, தரையைத் தொடும் இடத்தில் அகன்று வேர்களாகப் பிரியும். மின்கம்பம் மாதிரி அது நேராக மண்ணுக்குள் போனால், மேலே மண் கொட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கட்டுமானத்தின்போது மரங்களைக் காப்பதற்கு பிரிட்டனில் பிஎஸ் 5837 என்ற தரநிலை இருக்கிறது. நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12-ஆல் பெருக்கினால் வருவது, வேலி போட வேண்டிய வட்டத்தின் ஆரம். விட்டம் 50 செ.மீ. என்றால் ஆரம் 6 மீட்டர், அதாவது ஏறக்குறைய 20 அடி. அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 1,250 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடிதான் என்னும்போது, மனையின் நடுவில் நிற்கும் மரத்துக்குப் பாதி மனை போய்விடும். இதை நம் ஊரில் யாரும் கொடுக்க மாட்டார்கள், எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் மரம் மூலையில் நின்றால், வட்டத்தில் கால்பங்குதான் நம் மனைக்குள் வரும். சுமார் 315 சதுர அடி. எப்படியும் செட்பேக் விட வேண்டிய இடத்திலேயே அதில் ஒரு பகுதி அடங்கிவிடும். மரத்தின் பக்கம் நீளமாகக் கடைக்கால் தோண்டாமல், பைல் இறக்கி, தரைமட்டத்துக்கு மேலே பீம் ஓட்டினால் பெரும்பாலான வேர்கள் தப்பும். செலவு கூடும்தான்.

வேர் அறுபட்ட மரம் எல்லாம் காய்ந்துதான் போகும் என்றில்லை, பச்சையாகவே சாயவும் செய்யும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. எல்லாவற்றுக்கும் வேர்வெட்டு காரணமில்லை, காற்று அவ்வளவு கடுமை. ஆனாலும் வடிகாலுக்கும் கேபிளுக்கும் ஒரு பக்க வேரை இழந்த மரம் காற்றை எதிர்த்து நிற்க எதைப் பிடித்துக்கொள்ளும்?

ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுகிறோம் என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. முறிந்த கிளையின் காயத்தில் பூஞ்சை புகுந்து, மரத்தின் உள்பகுதி மெல்ல மட்கி ஒரு பொந்து உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். புள்ளி ஆந்தையும் கிளியும் மைனாவும் அதில்தான் குடும்பம் நடத்துகின்றன. குக்குறுவான் பட்டுப்போன கிளையைத் தானே குடைந்து கூடமைக்கும். பத்துக் கன்றுகளில் ஒரு பொந்துகூடக் கிடையாது. யார் தலையிலும் விழாத இடத்தில் காய்ந்த கிளை இருந்தால், அதை விட்டுவைப்பதே நல்லது.

இன்னொரு பக்கமும் உண்டு. உயிர்களுக்கு மரம் மட்டும் வாழிடமில்லை. கிண்டி தேசியப் பூங்காவின் வெளிமான்களுக்கு வேண்டியது திறந்த புல்வெளி. அவை மேயும் வெளியில் மரம் நட்டு நிரப்பினால் அதுவும் ஆக்கிரமிப்புதான். சதுப்பு நிலமும் அப்படியொரு வாழிடம்தான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி 2022-ல் கிடைத்தது. வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரியும் நிலத்தில் நீர்ப்பறவைகள் இருக்கக்கூடும்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிளான் போடும் முன்பே மனையில் உள்ள ஒவ்வொரு மரத்தின் இடத்தையும் அடிமரத்தின் விட்டத்தையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். வேலியை ஜேசிபி வருவதற்கு முதல் நாளே போட்டுவிடுங்கள். வந்த பிறகு போட்டால் பயனில்லை.