நரம்பின் மின்விசையும் நல்லெண்ணெயும்

பதுளைப் பகுதித் தேயிலைமலையொன்றிற் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி, காற்பெருவிரலை ஊன்றிச் சரிவில் ஏறுகின்றாள். ஊன்ற எண்ணுதலும் ஊன்றுதலும் ஒருங்கே நிகழ்வனபோலத் தோன்றும். ஆயின் அவ்விரண்டிற்குமிடையே மூளையினின்று முண்ணாண் வழியாக ஒரு செய்தி இறங்குகின்றது. அங்குள்ள மற்றொரு நரம்புக்கலம் அதனை ஏற்றுக் காலின் தசைகளுக்கு அனுப்புகின்றது. அச்செய்தி மின்வடிவினது, எனினும் செப்புக்கம்பியில் ஓடும் மின்னை ஒத்ததன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றி, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 1977, 1978ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த துயரமொன்றின் காரணம் விளங்காது.

நரம்புக்கலத்தைச் சூழ்ந்திருப்பது மிக மெல்லிய மென்சவ்வு. அதன் உட்புறத்திற் பொற்றாசியம் அயன்களும் வெளிப்புறத்திற் சோடியம் அயன்களும் மிகுந்துள்ளன. இந்நிலை தானாக அமைந்ததன்று. மென்சவ்விலுள்ள புரதமொன்று மூன்று சோடியம் அயன்களை வெளியேற்றி, இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளிழுக்கும் பணியை ஓயாது செய்கின்றது. இவ்வேற்றத்தாழ்வினாலும், பொற்றாசியம் சிறிது சிறிதாக வெளியே கசிவதனாலும், கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ற்று தாழ்ந்து நிற்கின்றது.

தூண்டல் போதிய அளவினை எட்டியதும் சோடியம் வாயில்கள் சடுதியாகத் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய, உட்புறம் கணப்பொழுதில் நேர்மின்னிலை அடைகின்றது. அடுத்துப் பொற்றாசியம் வெளியேற, பழைய நிலை மீள்கின்றது. ஓரிரு ஆயிரத்திலொரு செக்கனில் முடியும் இந்நிகழ்ச்சியே நரம்புக் கணத்தாக்கம் எனப்படும். கணவாயின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்து ஹொட்ச்கின், ஹக்ஸ்லி என்னும் இருவரும் 1952ஆம் ஆண்டில் இதனைக் கணித முறையால் விளக்கினர். 1963ஆம் ஆண்டில் நோபெல் பரிசிற் பங்கும் பெற்றனர்.

கம்பியிற் செல்லும் மின் தூரஞ் செல்லச் செல்ல நலியும். கணத்தாக்கமோ கார்த்திகை விளக்கீட்டை ஒத்தது. ஒரு சுடரினின்று அடுத்த விளக்கு ஏற்றப்படுகின்றது. முதல் விளக்கின் ஒளிக்குக் கடைசி விளக்கின் ஒளி குறைந்ததன்று. ஒவ்வோரிடத்திலும் நரம்பிழை தன் சொந்த ஆற்றலாற் செய்தியைப் புதிதாகப் பிறப்பிக்கின்றது. மயலின் என்னும் கொழுப்புறை போர்த்த இழைகளில், உறையின் இடையேயுள்ள கணுக்களில் மட்டுமே இப்பிறப்பு நிகழ்வதால், செய்தி கணுவுக்குக் கணு தாவி விரைகின்றது. செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்திற் செல்லும் கணத்தாக்கம், இடுப்பினின்று பாதம் வரையுள்ள ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரத்தை ஐம்பதிலொரு செக்கனிற் கடந்துவிடும்.

இனி நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. அந்த ஒரு மீற்றர் இழை முழுவதும் ஒரே கலத்தின் உறுப்பாகும். அதனைப் பேணும் புரதங்களிற் பெரும்பாலானவை முண்ணாணிலுள்ள கலவுடலிலேயே ஆக்கப்பட்டு, இழையின் வழியே நுனி வரை கொண்டுசெல்லப்படல் வேண்டும். விரைந்து செல்லும் பொருள்களும் நாளொன்றுக்கு 400 மில்லிமீற்றர் அளவே செல்வன. இழையின் கட்டமைப்புக்குரியனவோ ஒரு சில மில்லிமீற்றரே நகர்வன. செய்தி செல்ல ஐம்பதிலொரு செக்கன்; ஊட்டம் செல்லவோ இரண்டு மூன்று நாள் முதல் பல மாதங்கள் வரை வேண்டும். ஆகவே இப்பராமரிப்பு குலையுமாயின் மிக நீண்ட இழையே முதலில் நலியும். அதிலும் நுனியே முதலில் மடியும்.

1977, 1978ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது இதுவே. தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சிறுமியரின் கால்கள் சோர்ந்தன, பாதங்கள் தொங்கின, சிலருடைய கைகளும் வலிவிழந்தன. அனைவரும் அண்மையிற் பூப்பெய்தியவர்கள். அப்பருவத்தில் உடல் வலுப்பெற நல்லெண்ணெய் பருகக் கொடுப்பது வழக்கம். அவ்வெண்ணெயில் டிரைகிரெசைல் பொசுபேற்று என்னும் நஞ்சு கலந்திருந்ததை நிமால் சேனநாயக்க, ஜெயரத்தினம் ஆகிய மருத்துவ அறிஞர் 1981ஆம் ஆண்டில் ‘லான்செற்’ இதழில் வெளியிட்டனர். முன்னர் கனிய எண்ணெய் இருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெய் கொண்டுவரப்பட்டமையே காரணமாகலாம் எனக் கருதப்பட்டது. 1959ஆம் ஆண்டில் மொறொக்கோ நாட்டிற் சமையல் எண்ணெயில் விமான இயந்திர எண்ணெயைக் கலந்து விற்றதனால் ஏறக்குறைய பதினாயிரம் பேர் இதே நஞ்சினால் முடங்கினர்.

இந்நஞ்சு கணத்தாக்கத்தை உடனே தடுப்பதில்லை. நரம்புக்கலத்திலுள்ள நொதியம் ஒன்றைச் செயலிழக்கச் செய்து, ஒன்று முதல் மூன்று வாரங்களின் பின்னரே நீண்ட இழைகளின் நுனிகளை அழிக்கின்றது. நோய் தோன்றும்போது, அதற்குக் காரணமான உணவை எவரும் நினைத்துப் பாரார். அழிந்த இழை காலிலும் கையிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வீதம் மீண்டும் வளரக்கூடும். முண்ணாணினுள் அழிந்த இழைகளோ அவ்வாறு மீள்வதில்லை. அதனாலேயே இத்தகைய நோயாளரிற் சிலர், தசைவலி​மை ஓரளவு திரும்பிய பின்னரும், கால்கள் விறைத்து நடக்க நேர்கின்றது.

தாய்மார் அன்புடன் கொடுத்த எண்ணெயிற் பிழையில்லை, வழக்கத்திலும் பிழையில்லை. பிழை கலத்தில் இருந்தது. பூச்சிகொல்லியும் களைகொல்லியும் இயந்திர எண்ணெயும் புழங்கும் ஊவாத் தோட்டங்களில், வெறுமையான கலனைக் கழுவி நீருக்கும் எண்ணெய்க்கும் எடுத்தாளும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அது ஒழிதல் வேண்டும். கழுவிய கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றுவது நரம்புக்குத் தூய்மையாக இராது. நரம்பு வெறுங் கம்பியன்று. ஊட்டத்தால் வாழும் உயிர்ப்பொருள். அதன் நுனியிலேயே மலைச்சரிவில் ஊன்றும் கால் நிலைபெறுகின்றது.