வீட்டு ஃபிளைட் சிமுலேட்டரில் ஆட்டோபைலட் பயிற்சி: மதுரை – போடிமெட்டு – கொச்சி வழித்தடம்

ஆட்டோபைலட் அல்லது தானியங்கி விமானி என்பது விமானத்தின் திசை, உயரம், ஏறும் அல்லது இறங்கும் வீதம் ஆகியவற்றை விமானி குறித்துக் கொடுத்தபடி தானே பேணும் கருவியாகும். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன், கட்டற்ற மென்பொருளான ஃபிளைட்கியர் ஆகிய வீட்டுக் கணினிச் சிமுலேட்டர்களில் உள்ள பெரும்பாலான விமானங்களில் இக்கருவியின் மாதிரி உள்ளது. சமவெளியில் இதைப் பழகுவது எளிது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் குறுக்கே கடக்கும் வழித்தடத்தில்தான் இதன் இயல்பும் வரம்பும் தெளிவாகப் புலப்படும். மதுரையிலிருந்து போடிநாயக்கனூர், போடிமெட்டு வழியாகக் கொச்சி செல்லும் தடம் இதற்குப் பொருத்தமான ஒன்றாகும்.

வரலாறு

முதல் ஆட்டோபைலட்டை அமெரிக்காவின் ஸ்பெர்ரி நிறுவனம் சுழல்காட்டியை (ஜைரோஸ்கோப்) அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. 1914 சூன் 18 அன்று பாரிசு அருகே சேன் ஆற்றின் மேல் லாரன்சு ஸ்பெர்ரி இதைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார். அவர் இரு கைகளையும் உயர்த்தியபடி அமர்ந்திருக்க, அவருடைய உதவியாளர் இறக்கை மீது நடந்தபோதும் விமானம் சமநிலை குலையாமல் பறந்தது. 1947-இல் அமெரிக்க வான்படையின் சி-54 விமானம் ஒன்று புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை தானியங்கியாகவே அட்லாண்டிக் கடலைக் கடந்தது.

வீட்டுக் கணினிகளுக்கான மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் முதல் பதிப்பு 1982-இல் வெளிவந்தது. 2020 ஆகத்து மாதம் வெளியான பதிப்பு செயற்கைக்கோள் படங்களையும் நில உயரத் தரவுகளையும் பயன்படுத்துவதால், போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளையும் அதில் மேலிருந்து அடையாளம் காணலாம்.

வழித்தடத்தின் நிலவியல்

மதுரை வானூர்தி நிலையம் கடல்மட்டத்திலிருந்து 459 அடி (140 மீட்டர்) உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கொச்சி வானூர்தி நிலையம் நேர்கோட்டில் சுமார் 102 கடல்மைல் (190 கிலோமீட்டர்) தொலைவில், மேற்கிலிருந்து சற்று வடக்கு நோக்கி, ஏறத்தாழ 280 பாகைத் திசையில் அமைந்துள்ளது. இந்தக் கோடு ஆண்டிப்பட்டி, தேனிப் பகுதிகளைக் கடந்து போடிநாயக்கனூருக்குச் சற்றுத் தெற்கே செல்கிறது. மதுரையிலிருந்து போடி சுமார் 45 கடல்மைல்.

போடிநாயக்கனூர் சுமார் 350 மீட்டர் (1,150 அடி) உயரத்தில் மலையடிவாரத்தில் உள்ள ஊர். ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்றது. தமிழ்நாடு – கேரள எல்லையிலுள்ள போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர் (4,600 அடி) உயரம் கொண்டது. இரண்டுக்கும் நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 6 கடல்மைல்தான். தேசிய நெடுஞ்சாலை 85 இந்த ஏற்றத்தை 17 கொண்டை ஊசி வளைவுகளில் வளைந்து கடக்கிறது. விமானம் அதே ஏற்றத்தைச் சில நிமிடங்களில் கடந்தாக வேண்டும்.

போடிமெட்டோடு ஏற்றம் முடிந்துவிடுவதில்லை. தடத்துக்கு வடக்கே மீசைப்புலிமலை (2,640 மீட்டர், சுமார் 8,660 அடி), ஆனைமுடி (2,695 மீட்டர், சுமார் 8,840 அடி) ஆகிய சிகரங்கள் உள்ளன. ஆனைமுடி இமயமலைக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயரமான சிகரமாகும்.

இம்மலைகள் உண்மையான பறத்தலிலும் உயிர்ப்பலி வாங்கியவை. 1971 திசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்சின் ஹாக்கர் சிட்லி 748 விமானம், இறங்கிவரும்போது சின்னமனூர் அருகே மலையில் மோதியது. அதில் இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தனர். சின்னமனூர் போடிக்குத் தெற்கே, அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ளது.

அடிப்படை முறைகள்

செஸ்னா 172 வகை விமானங்களில் பரவலாகக் காணப்படுபவை பென்டிக்ஸ் கிங் கேஏபி 140, கார்மின் ஜி1000 திரையுடன் இணைந்த ஜிஎஃப்சி 700 ஆகிய ஆட்டோபைலட்டுகள். இவற்றின் முறைகள் இரு வகைப்படும். பக்கவாட்டு முறைகள் திசையையும், செங்குத்து முறைகள் உயரத்தையும் கவனிக்கின்றன. ஒரு நேரத்தில் ஒவ்வொரு வகையிலும் ஒரு முறை மட்டுமே செயல்படும்.

ஹெடிங் முறை: திசைகாட்டியில் குமிழைத் திருகி வைத்த திசையில் விமானம் செல்லும். காற்று பக்கவாட்டில் தள்ளினால் அதைத் திருத்தாது.

நேவ் முறை: ஜிபிஎஸ் தடத்தையோ வானொலி வழிகாட்டியையோ பின்தொடரும். காற்றுக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும்.

ஆல்ட் முறை: பொத்தானை அழுத்தும் கணத்தில் இருக்கும் உயரத்தைப் பேணும்.

விஎஸ் முறை: நிமிடத்துக்கு இத்தனை அடி என்று குறித்த வீதத்தில் ஏறும் அல்லது இறங்கும்.

எஃப்எல்சி முறை: குறித்த வேகத்தைப் பேணியபடி ஏறும் அல்லது இறங்கும். ஜிஎஃப்சி 700-இல் இது உண்டு. கேஏபி 140-இல் இல்லை.

ஏபிஆர் முறை: தரையிறங்கும் ஐஎல்எஸ் வழிகாட்டிக் கற்றைகளைப் பிடித்து ஓடுபாதை நோக்கி இறங்கும்.

ஆட்டோபைலட்டை இயக்கினால் மட்டும் விமானம் திட்டமிட்ட தடத்தில் செல்லத் தொடங்கிவிடாது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் இயல்பு அமைப்பில் விசைப்பலகையின் இசட் விசை ஆட்டோபைலட்டை இயக்கும். ஜிஎஃப்சி 700 அப்போதுள்ள பக்கச் சாய்வு நிலையையும் முகப்பின் ஏற்ற நிலையையும் மட்டும் பேணும். எங்கே செல்வது, எந்த உயரத்துக்கு ஏறுவது என்பதைத் தனித்தனியே குறித்துக் கொடுக்க வேண்டும். எந்த முறை நடப்பில் உள்ளது, எது காத்திருப்பில் உள்ளது என்பதைத் திரையின் மேற்பட்டை காட்டும். பொத்தானை அழுத்திய பின் அந்தப் பட்டையைப் படித்து உறுதிசெய்வதே ஆட்டோபைலட் பயிற்சியின் முதல் பழக்கம்.

புறப்படும் முன்

உயரமானியில் அந்த இடத்துக்குரிய காற்றழுத்த மதிப்பை அமைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் பி விசை இதைச் செய்யும். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழை சுமார் 30 அடி உயரப் பிழையாகும் என்பதால், பத்து ஹெக்டோபாஸ்கல் தவறினால் விமானம் 300 அடி தாழ்வாகப் பறக்கக்கூடும். உயரமானி தவறினால் ஆட்டோபைலட்டும் தவறான உயரத்தையே பேணும்.

அடுத்து, ஏற வேண்டிய உயரத்தை ஓடுபாதையில் நிற்கும்போதே குறிக்க வேண்டும். உயரம் குறிக்காமல் விஎஸ் முறையில் ஏறும் விமானம் எங்கும் நிற்காது. மேற்கு நோக்கிய பார்வைவழிப் பறத்தலுக்கு இரட்டைப்படை ஆயிரத்துடன் 500 சேர்த்த உயரம் வழக்கம். ஆனைமுடியைவிட 1,600 அடிக்கு மேல் இடைவெளி தருவதால் இத்தடத்துக்கு 10,500 அடி பொருந்தும். செஸ்னா 172எஸ் விமானத்தின் உச்ச வரம்பு 14,000 அடி.

புறப்பாட்டைக் கையால் செய்து, விமானம் நிலையாக ஏறத் தொடங்கி, டிரிம் சரிசெய்து, தரையிலிருந்து ஆயிரம் அடியைத் தாண்டிய பிறகு ஆட்டோபைலட்டை இயக்குவது நல்லது. இயக்கிய பின் ஜாய்ஸ்டிக்கை அசைக்கக் கூடாது. அசைத்தால் ஆட்டோபைலட் எதிர்த்து டிரிம் செய்யும். அணைத்தவுடன் விமானம் திடீரென மேலோ கீழோ பாயும்.

மலையைக் கடக்கும் கணக்கு

போடிக்கு மேல் 3,000 அடியில் வந்து, மலையைப் பார்த்த பிறகு ஏறலாம் என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் பிழை. 90 நாட் வேகத்தில் விமானம் நிமிடத்துக்கு ஒன்றரைக் கடல்மைல் செல்லும். போடிமெட்டுக்கான 6 கடல்மைலுக்கு 4 நிமிடம். நிமிடத்துக்கு 500 அடி வீதம் ஏறினால் 2,000 அடி கூடி, உயரம் 5,000 அடியாகும். கணவாய்க்கு மேல் இடைவெளி 400 அடி மட்டுமே. பக்கத்து முகடுகள் அதற்கும் மேல். வேகம் 120 நாட் என்றால் 3 நிமிடமே கிடைக்கும். எட்டும் உயரம் 4,500 அடி, அதாவது கணவாயின் தரைக்கும் கீழே.

எனவே ஏற்றம் மதுரையிலேயே தொடங்க வேண்டும். 10,000 அடி ஏற நிமிடத்துக்கு 500 அடி வீதம் 20 நிமிடம் ஆகும். ஆனால் அந்த வீதம் முழுவதும் கிடைக்காது. கடல்மட்டத்தில் 172எஸ் நிமிடத்துக்கு 730 அடி ஏறும். உயரம் கூடக்கூட எஞ்சின் ஆற்றல் குறைந்து இது தேய்ந்துகொண்டே வரும். மதுரையின் வெயிலில் இன்னும் குறையும். அரை மணி நேரம் என்று கொண்டால் 80 நாட் வேகத்தில் 40 கடல்மைல் ஓடியிருக்கும். போடிக்கு ஐந்தே கடல்மைல் மீதி. எரிபொருள் கலவையை உயரத்துக்கு ஏற்பக் குறைக்க மறந்தால் எஞ்சின் மேலும் திணறும்.

தேனியை நெருங்கும்போது 9,000 அடி எட்டவில்லை என்றால் மலையை நோக்கிச் செல்லாமல், ஹெடிங் முறைக்கு மாறி, குமிழைச் சிறிது சிறிதாகத் திருகி வைகை அணைப் பக்கம் சமவெளியின் மேல் வட்டமடித்து உயரம் பெற வேண்டும். ஹெடிங் முறையின் பயனை அறிய இது நல்ல பயிற்சி.

விஎஸ் முறையின் ஆபத்து

இச்சிறு விமானங்களின் ஆட்டோபைலட் எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்துவதில்லை. த்ராட்டில் விமானியின் கையில்தான். விஎஸ் முறையில் 500 அடி ஏற்றம் குறித்துவிட்டால், விமானத்தால் முடியாத உயரத்திலும் ஆட்டோபைலட் அந்த வீதத்தையே நாடும். அதற்காக முகப்பை மேலும் மேலும் உயர்த்தும். வேகம் 80, 70, 60 நாட் எனச் சரியும். முடிவில் இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் விழும். ஸ்டால் எனப்படும் இந்நிலை திடீரென நேர்வதுபோல் தோன்றினாலும், வேகமானி பல நிமிடங்களாக அதைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கும்.

எஃப்எல்சி முறையில் 80 நாட் குறித்தால் வேகம் காக்கப்படும். குறைவது ஏறும் வீதம் மட்டுமே. அம்முறை இல்லாத விமானத்தில் 6,000 அடிக்கு மேல் விஎஸ் வீதத்தை 400, 300, 200 எனப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உயரத்தைப் பேணும் ஆல்ட் முறையிலும் இதே ஆபத்து உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று மலைமுகட்டைத் தாண்டிப் போடிப் பக்கம் கீழ்நோக்கிப் பாயும். நேரடி வானிலையை இயக்கிய சிமுலேட்டரில் இந்தக் கீழ்நோக்குக் காற்று விமானத்தை அமுக்கலாம். அப்போது ஆட்டோபைலட் முகப்பை உயர்த்தி உயரத்தைக் காக்கும். உயரமானி அசையாது, வேகம் மட்டும் குறையும். வேகம் 70 நாட்டுக்குக் கீழே இறங்கினால் ஆட்டோபைலட்டை அணைத்து, முகப்பைத் தாழ்த்தி, முழு விசை கொடுத்துச் சமவெளிப் பக்கம் திரும்புவதே தீர்வு.

இறக்கமும் தரையிறக்கமும்

மூணாறைக் கடந்த பின், கொச்சிக்குச் சுமார் 35 கடல்மைல் இருக்கும்போது இறக்கம் தொடங்கலாம். புதிய உயரமாக 3,000 அடியைக் குறித்து, விஎஸ் முறையில் நிமிடத்துக்கு 600 அடி இறக்கம் கொடுத்தால், 120 நாட் வேகத்தில் ஓடுபாதைக்குச் சுமார் 10 கடல்மைலில் அந்த உயரம் கிட்டும். அதற்கு முன்பே இறங்கினால் அடிமாலிப் பகுதியின் குன்றுகள் குறுக்கிடும்.

கொச்சியின் 27-ஆம் ஓடுபாதைக்கு ஐஎல்எஸ் வசதி உள்ளது. 20 கடல்மைல் தொலைவில் ஹெடிங் முறையில் 300 பாகைக்குத் திரும்பினால் ஓடுபாதையின் மையக் கற்றையை உகந்த கோணத்தில் வெட்டலாம். அப்போது ஏபிஆர் பொத்தானை அழுத்த வேண்டும். வழிகாட்டி மூலம் இன்னும் ஜிபிஎஸ்ஸில் இருந்தால் ஆட்டோபைலட் ஐஎல்எஸ் கற்றையைப் பிடிக்காது. புதியவர்களின் தரையிறக்கம் தவறுவதற்கு இது பொதுவான காரணம். இறக்கக் கற்றையைக் கீழிருந்தே அணுக வேண்டும். தரையிலிருந்து 200 அடி உயரத்துக்கு வருமுன் ஆட்டோபைலட்டை அணைத்துக் கையால் இறக்க வேண்டும்.

முறைக் குழப்பம்

ஆட்டோபைலட் எந்த முறையில் உள்ளது என்பதை விமானி தவறாக எண்ணுவது முறைக் குழப்பம் எனப்படும். 1992 சனவரி 20 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம் மலையில் மோதி, இருந்த 96 பேரில் 87 பேர் இறந்தனர். விமானிகள் 3.3 பாகை இறக்கக் கோணம் என்று கருதிக் கொடுத்த எண், நிமிடத்துக்கு 3,300 அடி இறக்கமாகக் கொள்ளப்பட்டிருக்கலாம் என்பது விசாரணையில் ஆராயப்பட்ட முதன்மைக் காரணம். ஒரே குமிழ், ஒரே எண். முறை மட்டும் வேறு. பின்னர் அந்த விமான வகையின் திரைக்காட்சி மாற்றப்பட்டது.

வரம்புகள்

சிறு விமானங்களின் ஆட்டோபைலட்டுக்கு நிலம் தெரியாது. ஜி1000 திரையில் மலை சிவப்பாகத் தெரிந்தாலும் ஆட்டோபைலட் அதைத் தவிர்த்துத் திரும்பாது. அந்நிறம் விமானிக்கான எச்சரிக்கை மட்டுமே. வீட்டுச் சிமுலேட்டரில் உடலில் உணரும் விசைகளும் குலுக்கலும் இல்லாததால், வேகம் குறைவதைக் கருவிகளைப் பார்த்து மட்டுமே அறிய முடியும். வீட்டுச் சிமுலேட்டரில் செலவிட்ட மணிகள் விமானி உரிமத்துக்கான பறப்பு மணிகளாகக் கணக்கிடப்படுவதில்லை. எனினும் முறைகளைப் படித்து உறுதிசெய்தல், ஏற்றத்தையும் இறக்கத்தையும் முன்கூட்டிக் கணக்கிடுதல், ஐயம் எழும்போது ஆட்டோபைலட்டை அணைத்துக் கையால் பறத்தல் ஆகிய பழக்கங்கள் இரண்டுக்கும் பொதுவானவை.