கள்ளிச் செடிக்கு வீட்டிலேயே மண் கலவை

"இதுவும் அழுகிப் போச்சு மகள்" என்று சாய்ந்தமருதில் ஒரு மாமி பூச்சாடியை என் முன் வைத்தார். 1990 இல் யுத்தத்தில் கணவரையும், 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீட்டையும் இழந்தவர் அவர். சீட்டுக் காசில் பன்னிரண்டு கள்ளி, கற்றாழை வகைச் செடிகளை வாங்கியிருந்தார். அவற்றைப் பெருக்கி விற்பதே எண்ணம். ஏழு அழுகிவிட்டன.

நான் படித்தது சமூகவியல், விவசாயம் அல்ல. ஆனாலும் சாடியைக் கவிழ்த்ததும் காரணம் விளங்கியது. வயல் களிமண்ணோடு கடல் மணலும் சாணமும் கலந்து இறுக்கி அடைத்திருந்தார். நாள்தோறும் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார். "ரோசாச் செடிக்குச் செய்றதத்தானே இதுக்கும் செய்தேன்" என்றார்.

சகோதரிகளே, இந்தச் செடிகள் தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்து வைப்பவை. வேர் எந்நேரமும் ஈரத்தில் இருந்தால் காற்றின்றி அழுகிவிடும். களிமண் நீரைப் பிடித்து வைக்கும். கடல் மணலில் உப்பு இருக்கும். எனவே நீர் தங்காத மண்ணே தேவை. அதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை.

தேவையானவை

பருமனான ஆற்று மணல் – 2 சிரட்டை (வீடு கட்டுமிடத்தில் மிஞ்சியதைக் கேட்டுப் பெறலாம்)
கடலை அளவு செங்கல் துண்டுகள் – 1 சிரட்டை
உமிக்கரி – 1 சிரட்டை
நன்கு உக்கிய கூட்டெரு – 1 சிரட்டை

செய்முறை

மணலை இரண்டு மூன்று தடவை கழுவி வெயிலில் காயவிடுங்கள். அரிசி ஆலை உமியைத் திறந்த வெளியில், பிள்ளைகளை விலக்கி, தகரத்தில் இட்டுக் கருக்குங்கள். வெள்ளைச் சாம்பலாகுமுன் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். சாம்பலில் காரம் அதிகம். கூட்டெருவை அரித்து, எல்லாவற்றையும் கலவுங்கள்.

கலவையைச் சற்று ஈரமாக்கிக் கையால் பிடித்து விடுங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் இன்னும் மணல் சேருங்கள்.

யோகட் கோப்பையோ பழைய தகரப் பேணியோ போதும். அடியில் துளைகள் கட்டாயம். நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். பிறகு மண் முழுதும் காய்ந்த பின்னரே ஊற்றுங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் தாழ்வாரத்தில் வையுங்கள்.

மாமியின் எஞ்சிய ஐந்து செடிகளிலும் அழுகிய வேரை வெட்டி, நிழலில் சில நாள் உலரவிட்டுப் புதிய கலவையில் நட்டோம். நான்கு பிழைத்தன. ஒரு கற்றாழை பக்கக் கன்றும் விட்டிருக்கிறது. விற்பனை இன்னும் தொடங்கவில்லை. ஆனால் மேலும் செடி வாங்கக் கடன்படும் எண்ணத்தை மாமி விட்டுவிட்டார்.

நீங்களும் முதலில் ஒரே ஒரு செடியில் பழகிப் பாருங்கள். அது தழைத்த பிறகு காசைப் போடலாம்.