போவ்ரில்: கோட்டையிலிருந்து கால்பந்து கேலரிக்கு

பிரிட்டனில் குளிர்காலக் கால்பந்து ஆட்டம் நடக்கும்போது கேலரியில் பலர் கையிலும் ஆவி பறக்கும் கோப்பை இருக்கும். உள்ளே இருப்பது டீ இல்லை, போவ்ரில். தார் போலக் கறுத்துக் கெட்டியாக இருக்கும் மாட்டிறைச்சிச் சாற்றை ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் கரைத்தால் போதும். உப்புக் கரிக்கும் அந்தச் சூடு தொண்டையில் இறங்கியதுமே குளிர் விட்டுப்போகும்.

இதன் வேர் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக்கிடம் இருக்கிறது. அவர் காலத்தில் தென் அமெரிக்காவில் தோலுக்காகவே மாடுகளை வெட்டினார்கள். இறைச்சி பெரும்பாலும் வீணானது. லீபிக்கின் முறைப்படி அதைக் காய்ச்சிச் சாறெடுக்கும் நிறுவனம் 1865-ல் தொடங்கியது. ஆலை உருகுவேயின் ஃப்ரே பென்டோஸில் இயங்கியது. ஒரு கிலோ சாற்றுக்குச் சுமார் 30 கிலோ இறைச்சி தேவைப்பட்டது. ஆனால் வடிகட்டும்போது கொழுப்பும் புரதமும் போய்விடும். மிஞ்சுவது ருசியும் உப்புகளும்தான். ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் உரமூட்டும் என்று விற்ற பொருளில் உரம் குறைவு என்பதை மருத்துவர்களே சொல்லத் தொடங்கினார்கள்.

அந்தக் குறையைப் போக்கப் பார்த்தவர் ஜான் லாசன் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து இறைச்சி வியாபாரி. பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்ஸ், தன் கோட்டைகளில் இறைச்சியைச் சேமித்துவைக்க 1870-களில் அவரோடு ஒப்பந்தம் போட்டது. அதற்காக அவர் கனடாவில் ஆலை வைத்தார். வடித்த சாற்றோடு, உலர்த்திப் பொடித்த இறைச்சியையும் சேர்த்தார். எனக்கு ஜான்ஸ்டனிடம் பிடித்தது இந்த நேர்மையான வேலைதான். 1880-களில் அது போவ்ரில் என்ற பெயரில் பிரிட்டனுக்கு வந்தது. ஒரு நாவலில் வரும் அற்புத சக்தியின் பெயர் அதற்குள் ஒளிந்திருக்கிறது. விளம்பரங்களும் பலத்தைத்தான் விற்றன. ஜாடியைப் பார்த்துத் தன் சகோதரனை எண்ணிக் கலங்கும் காளையின் படம் இன்றும் பேசப்படுகிறது.

ஒரு ஸ்பூன் சாறு யாரையும் பயில்வானாக்காது. ஆனாலும் மக்கள் அதை விடவில்லை. டோஸ்டில் வெண்ணெய் தடவி, அதன்மேல் மெல்லியதாக இதை இழுப்பார்கள். தடித்தால் உப்பு தாங்காது. இறைச்சிக் குழம்பில் ஒரு ஸ்பூன் கலந்தால் ருசி ஏறும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அரிசிக் கஞ்சியில் கலக்கிச் சாப்பிடுகிறார்கள்.

பைத்தியப் பசு நோயால் பிரிட்டிஷ் மாட்டிறைச்சிக்குப் பல நாடுகள் தடை விதித்திருந்த சூழலில், 2004-ல் யூனிலீவர் நிறுவனம் இறைச்சியை நீக்கி ஈஸ்ட் சாற்றில் போவ்ரில் தயாரித்தது. நெடுநாள் ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். 2006-ல் இறைச்சி மறுபடி ஜாடிக்குள் வந்துவிட்டது.